எங்கள் வீட்டு ஜெனரல்

எங்கள் வீட்டுக்கென்று ஒரு ஜெனரல் இருந்தார். வெள்ளைக்காரர். எங்கள் வாசலை அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை. ஆனாலும் அவருக்குப் பட்டாளத்தில் மேல் வேலை கிடைத்தபோதெல்லாம் கோழி அடித்துக் குழம்பு வைத்தது நாங்கள்தான்.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதியும் பிரயோஜனம் இல்லை. எங்கள் ஊரில் அதை ஒருவரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. என் அப்பா சொன்னால் ஏதோ மாட்டுக்கு வருகிற வியாதி மாதிரி இருக்கும். அதனால் வீட்டில் 'நம்ம தொரை' என்றுதான் பேச்சு. அந்தத் துரைக்குக் கார் ஓட்டியவன் என் அண்ணன்.

அண்ணன் போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே எழுதுகிறேனே என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அவனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். அழுகை அதன் பின்னாலேயே வருகிறது, மாட்டுக்குப் பின்னால் கன்று வருகிற மாதிரி. எது முன்னால் வருகிறதோ அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பரமத்தி வேலூரில் காவிரித் தண்ணீர் பாய்கிற வெற்றிலைக் கொடிக்கால் எங்களுக்கு. அப்பாவை நாங்கள் ஐயன் என்போம், அம்மாவை ஆத்தா என்போம். ஐயனுக்குக் கொடிக்கால்தான் உலகம். அண்ணனுக்கு அதில் மனசு ஒட்டவே இல்லை. அதோடு அவனுக்கு எல்லாம் இடது கை. இடது கையால் கொடி கட்டினால் ஐயனுக்குப் பொறுக்காது.

"பீச்சாங்கையில கட்டாதடா! கொடி பொறகால பாத்து ஏறும்!"

"ஏறட்டுமுங்கையா, அதுக்கும் ஊர் பாக்கோணும்னு ஆசையிருக்குமில்ல."

இப்படிப் பேசினவன் எத்தனை நாள் கொடிக்காலில் இருப்பான்? நான் சின்னவளாக இருந்தபோதே நாமக்கல்லில் ஒரு லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டு போனான். அங்கே ஓட்டப் பழகி, பெங்களூருக்குப் போய், அங்கே பட்டாளம் தங்குகிற தண்டில் ஒரு துரையிடம் கார் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். அப்போது துரை மேஜர்.

வெற்றிலை போடுவதில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். மற்றவர்கள் வெற்றிலையின் நுனியைக் கிள்ளிக் கீழே போட்டுவிடுவார்கள். ஐயன் போட மாட்டார். விளைவித்தவன் ஒரு துணுக்கைக்கூட மண்ணில் எறியக் கூடாது என்பார். கிள்ளின நுனியை நாக்கில் தொட்டு, வலப்பக்க நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொள்வார். அது காய்ந்து தானாக விழுகிற வரைக்கும் அங்கேயே இருக்கும். சந்தைக்கும் அதோடுதான் போவார். அண்ணனும் அப்படியே ஒட்டிக்கொள்வான், ஆனால் இடது கைக்காரன் ஆனதால் இடப்பக்கம். அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிராக உட்கார்ந்து வெற்றிலை போட்டால் ஒரு ஆள் கண்ணாடி பார்க்கிற மாதிரியே இருக்கும். நானும் ஆத்தாவும் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அண்ணன் லீவில் வரும்போதெல்லாம் துரையின் கதைதான். கொடிக்காலில் தண்ணீர் கட்டிக்கொண்டே சொல்வான், நாங்கள் பின்னாலேயே நடந்துகொண்டு கேட்போம்.

துரையின் அப்பா அவர்கள் ஊரில் கோயில் பாதிரியார். வீடு நிறையப் பிள்ளைகள். மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்குப் படிப்பு, துரையின் முறை வந்தபோது வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. "நீ பட்டாளத்துக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

"பாவத்த, பங்கு கெடைக்கலயாக்கும்" என்றார் ஐயன். அன்றைக்கே துரை எங்கள் ஆள் ஆகிவிட்டார்.

பட்டாளத்துப் பள்ளிக்கூடத்தில் துரைக்குக் குதிரை ஏறவே வரவில்லையாம். ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறங்கிவிடுவாராம். முதல் பெரிய யுத்தத்தில், மீசை முளைக்கிற வயதில், காலில் குண்டு பாய்ந்து சேற்றுப் பள்ளத்தில் பகலெல்லாம் கிடந்தாராம். பக்கத்தில் கிடந்தவர்களில் பேசுகிறதற்கு ஒருவனும் இல்லை, அதனால் தனக்குத் தானே பாட்டுப் பாடிக்கொண்டு கிடந்தாராம். அந்தக் கால் கடைசி வரைக்கும் நேராகவில்லை. ஆள் ஒல்லி, நெட்டை, வழுக்கை. நடந்தால் நொண்டிக் கொக்கு மாதிரி இருக்கும் என்று அண்ணன் நடந்து காட்டுவான். வரப்பில் நொண்டி நொண்டி நடந்து வாய்க்காலில் விழுவான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிடுவேன்.

பிறகு துரை வடக்கே மலைக்கணவாய்ப் பக்கம் வருஷக் கணக்கில் இருந்தார். அங்கே ஒரு பெரிய அதிகாரியின் முகத்துக்கு நேராக, "உங்க திட்டம் முட்டாள் திட்டம்" என்று சொல்லிவிட்டார். திட்டம் நிஜமாகவே முட்டாள் திட்டமாகப் போனது. அதற்காகவே அவரை மன்னிக்கவில்லை. கூட வந்தவர்களெல்லாம் மேலே மேலே போக, இவர் மேஜராகவே கிடந்தார்.

இதைக் கேட்டு ஆத்தாவுக்குத் தாங்கவில்லை. மாரியாத்தா கோயிலில் துரைக்காக விளக்குப் போட்டாள். "தொரைக்குப் பெரிய வேல கெடச்சா மாவிளக்கு எடுக்கறேன் தாயி" என்று வேண்டிக்கொண்டாள். சாமிக்கு ஆள் தெரிய வேண்டுமே என்று, "காலு நொண்டி, தலை வழுக்கை" என்று அடையாளமும் சொன்னாள்.

மேஜர், கர்னல் என்றால் எது மேல் எது கீழ் என்று எங்களுக்கு என்ன தெரியும்? அண்ணன்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தான். கேப்டன் என்றால் மணியக்காரர். மேஜர் என்றால் ரெவினியூ இன்ஸ்பெக்டர். கர்னல், தாசில்தார். பிரிகேடியர், சப் கலெக்டர். ஜெனரல் என்றால் கலெக்டர்.

இந்தக் கணக்கில் எங்களைவிட அக்கறை என் தாய்மாமனுக்கு. நாமக்கல்லில் நெய்க்கடை வைத்திருக்கிறார். நல்ல சிவப்பு, தொந்தி, வாய் மூடாது. அவர் மகளைத்தான் அண்ணனுக்குக் கட்டுவதாகப் பேச்சு. ஆனால் மாமன் பிடி கொடுக்கவே இல்லை.

"ஏனுங்க மாப்ள, உங்க தொரை இன்னும் ரெவினியூ இன்ஸ்பெக்டராவே இருக்கறாரா? தாசில்தாரு ஆவாரா மாட்டாரா?"

"ஆவாருங்க மாமா. மேல இருக்கற ஒருத்தர் ரிடையர் ஆகோணும்."

"ஆகட்டும், ஆகட்டும். அப்பறம் முகூர்த்தம் பாக்கலாம். பொண்ணு எங்க ஓடியா போயிருது?"

"தொரைக்கும் பொண்ணுக்கும் என்னுங்க மாமா சம்பந்தம்?"

"வண்டிக்குள்ள இருக்கறவன் பெரிய ஆளானாத்தான மாப்ள, வண்டி ஓட்டறவனுக்கு மரியாதி!"

ஒவ்வொரு லீவும் முடிந்து போகும்போது அண்ணன் துரைக்கு வெற்றிலை எடுத்துக்கொண்டு போவான். ஐயனே கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி, நூறு நூறாகக் கவுளி அடுக்கி, ஈர வாழைமட்டையில் கட்டிக் கொடுப்பார். துரைக்கு இராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெற்றிலை போடாவிட்டால் தூக்கம் வராதாம். கொஞ்சம் கொஞ்சமாக அண்ணன்தான் பழக்கிவிட்டானாம். அது மட்டுமா, துரையை அண்ணன் 'சாமி' என்பானாம், துரையும் அண்ணனை 'சாமி' என்பாராம். எங்கள் பக்கத்தில் குழந்தையிலிருந்து கிழவர் வரைக்கும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவோம். அதையே அவரும் பிடித்துக்கொண்டார் என்றான்.

மாமன் இதைக் கேட்டு இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"வெள்ளக்காரன் வெத்தல போடறானாம்! சாமிங்கறானாம்! நாளைக்கு வேட்டி கட்டிக்கிட்டு நோம்பிக்கு வாரான்னு சொல்லுவ போல!"

"கூப்புட்டா வருவாருங்க மாமா. உங்கூட்டு நெய்யிதான் அவருக்கு ஆகாது."

யுத்தம் வந்தது. துரை அண்ணனைப் பட்டாளத்திலேயே சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனார். மணல்காட்டுக்குப் போனார்கள், திரும்பிக் கிழக்கே மழைக்காட்டுக்குப் போனார்கள். துரை கர்னல் ஆனார். எங்கள் வீட்டில் சேவல் அடித்தோம், ஆத்தா மாவிளக்கு எடுத்தாள். பிரிகேடியர் ஆனார். ஆடு வெட்டினோம், மாமன் முதல் பந்தியில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டே, "ஐப்பசில நல்ல நாள் இருக்குது" என்றார். கடைசியில் ஒரு நாள் அண்ணனிடமிருந்து கார்டு வந்தது. துரை ஜெனரல் ஆகிவிட்டார், நான் சுகம், வெற்றிலைதான் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தான்.

ஐயன் அந்தக் கார்டைத் தலைப்பாகையில் செருகிக்கொண்டு சந்தைத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்தார். பார்த்தவர்களிடமெல்லாம், "எங்கூட்டுப் பையன் ஜெனரல் ஆயிட்டானுங்க" என்றார்.

மணியக்காரர் நிறுத்திக் கேட்டார். "ஆரு, கார் ஓட்டறானே, அவனா?"

"ஆமாங்க. ஓட்டறவன் இல்லாம உள்ள உக்காந்திருக்கறவன் எப்புடீங்க ஜெனரலாவான்?"

 நானும் கூட நடந்தேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை. நெற்றிப்பொட்டில் பச்சைத் துணுக்கோடு ஐயன் முன்னால் போக, யானைக்குப் பின்னால் போகிற பிள்ளை மாதிரி நான் போனேன்.

யுத்தம் முடிகிற சமயத்தில் தந்தி வந்தது. மலைக்காட்டில் விஷக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் போய்விட்டான். தபால்காரர் படித்தார், அப்புறம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் இதை எழுத வரவில்லை.

துரையிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

கருமாதி அன்றைக்குச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாமன் பேசினார். கெட்ட எண்ணத்தில் பேசினார் என்று இப்போது நினைக்கவில்லை. அவரால் வாயை மூடிக்கொண்டு துக்கப்பட முடியாது.

"நல்ல பையனுங்க. கத சொல்லியே எல்லாத்தையும் சிரிக்க வெச்சான். தொரையாவது வெத்தலயாவது! எங்கியோ நூறு லாரி நிக்கற எடத்துல ஒரு லாரியக் கழுவிக்கிட்டு இருந்திருப்பான். ஜெனரலோட டிரைவரு செத்தா ஒரு கடுதாசி வராதுங்களா? பேரெல்லாம் பேப்பர்லயே இருக்குது, ஆரு வேணாலும் படிச்சுச் சொல்லலாம்."

 நான் ஐயனைப் பார்த்தேன். அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து அவர் வெற்றிலையே தொடவில்லை. கொடிக்காலுக்கு நடுவில் நின்றுகொண்டு வெறும் வாயோடு இருக்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நெற்றிப்பொட்டு வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணன் செத்ததை நான் எப்படியோ விழுங்கிக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னதெல்லாம் பொய்யா? அந்தச் சேவல், ஆடு, மாவிளக்கு, நொண்டிக் கொக்கு, நான் வயிறு வலிக்கச் சிரித்த சிரிப்பு, எல்லாம் ஒன்றுமில்லாததற்கா? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். வேறு எதுவும் வேண்டியதில்லை.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சேலம் சூரமங்கலத்தில் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். மாரியாத்தா கோயில் நோம்பிக்கு ஊருக்கு வந்தவர் ஐயனிடம் வந்து சொன்னார். "உங்க தொரை சீமைக்குத் திரும்பறாராட்டமிருக்குதுங்க. தனிப் பொட்டி போட்டு மெட்ராஸிலருந்து கொச்சிக்குப் போறாரு. வார வெள்ளிக்கெழம மத்தியானம் எங்க ஜங்ஷன்ல எஞ்சின் தண்ணி புடிக்க நிக்கும். அதே பேருதானுங்க."

 நான் சொன்னேன். "நான் போறனுங்கையா. வெத்தல கொண்டு போய்க் குடுக்கறேன். போடறாரா இல்லியான்னு பாத்துக்கிட்டு வந்தர்றேன்."

"போடாட்டி?"

"போடாட்டி... வந்தர்றேன்."

வெள்ளிக்கிழமை விடியக் காலையில் ஐயன் கொடிக்காலுக்குள் போனார். ஒரு கவுளியை ஈர மட்டையில் கட்டிக்கொண்டு வந்தார். பாக்கும் சுண்ணாம்பு டப்பியும் ஆத்தா கொடுத்தாள். என் கையில் கட்டைக் கொடுக்கும்போது ஐயன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னார். "வாங்காட்டி ஆட்டுக்குப் போட்டுட்டு வா, அம்மிணி."

கூட வர மாமன் ஒப்புக்கொண்டார். அண்ணன் சொன்னது பொய் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் வந்தார். இருந்தாலும் கையில் ஒரு குடம் நெய். எதற்கு என்று கேட்டால், "ஒருவேள ஜெனரல் நெஜமாவே இருந்துட்டா? பட்டாளத்துக்கு எவ்வளவு நெய் வேணும்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். மாமனுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் வியாபாரம் இருக்கும்.

பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டின காலம். அந்தப் புகையில்தான் பஸ் நகரும், மேடு வந்தால் நகராது. ராசிபுரம் தாண்டி ஒரு மேட்டில் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். மாமன் ஒரு கையில் நெய்க்குடத்தை அணைத்துக்கொண்டு மறு கையால் தள்ளினார். கண்டக்டர் கத்தினான்.

"ஏனுங்க, குடத்த எறக்கி வெச்சுட்டுத் தள்ளுங்க!"

"எறக்கி வெச்சா நீ அத ஊத்தி வண்டி ஓட்டிருவ தம்பி!"

பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். கரிப்புகை படிந்து எல்லோர் முகமும் கறுத்துப் போயிருந்தது. அண்ணன் இருந்திருந்தால் இந்த ஒரு மேட்டை வைத்தே ஒரு லீவு முழுக்கக் கதை சொல்லியிருப்பான்.

ஜங்ஷனில் பிளாட்பாரத்துக்குத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் வெளுத்த வெள்ளைக் கால்சட்டையோடு அங்கேயும் இங்கேயும் ஓடிக்கொண்டிருந்தார். பாயிண்ட்ஸ்மேன் எங்களைத் தண்ணீர்த்தொட்டிப் பக்கம் நிறுத்திவிட்டு, "சத்தம் போடாம நில்லுங்க" என்று போய்விட்டார். ரயில் வந்தது.

முன் பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கினார். ஆஹா! உருண்டை முகம், தக்காளி நிறம், இரண்டு பக்கமும் முறுக்கின மீசை, மார்பில் வரிசையாகப் பதக்கம், தொந்தி. மாமனுக்குக் கண் விரிந்துபோனது.

"ஜெனரலுன்னா இதாண்டி ஜெனரலு!"

"இல்லீங்க மாமா. ஒல்லியா, வழுக்கையா, காலு நொண்டி..."

"உங்கண்ணன் பாத்திருந்தாத்தான அவனுக்குத் தெரியும்! தொந்தியில்லாத கலெக்டர எங்கியாச்சும் பாத்திருக்கியா நீ?"

என் கையிலிருந்த கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய், அந்த ஆளுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் மாமன். எழுந்து கட்டைப் பிரித்து நீட்டினார். அந்த ஆள் சந்தோஷமாகச் சிரித்தார். ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பும் நுனியும் நரம்புமாக அப்படியே வாயில் திணித்து மென்றார். பாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முகத்தைச் சுளித்துத் துப்பினார். மாமன் விடவில்லை, நெய்க்குடத்தை நீட்டினார். அந்த ஆள் ஒரு விரலை விட்டு, முகர்ந்து பார்த்து, அந்த நெய்யை எடுத்து மீசைக்குத் தடவி இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டார்.

மாமன் திரும்பி வந்து கட்டை என் கையில் வைத்தார். "பாத்தியில்ல. ஆடு மேயறாப்ல மேயறான். உங்கண்ணன் கத அவ்வளவுதான் கண்ணு. வா, போலாம்."

அவர் குரலிலேயே சந்தோஷம் இல்லை.  வெற்றிலை போடாத ஐயனின் முகம்தான் கண்ணில் வந்தது. இதைப் போய் எப்படிச் சொல்லப் போகிறேன்?

பாயிண்ட்ஸ்மேன் ஓடி வந்தார். "ஐயோ, அவரு காலுல எதுக்குங்க உழுந்தீங்க? அவரு சமையல் பாக்கற சார்ஜண்டு!"

கடைசிப் பெட்டியின் கதவு அப்போதுதான் திறந்தது. ஒரு நெட்டை மனிதர் படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலை இழுத்து இறக்கினார். வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது. தோளில் ஒரு பட்டை மட்டும், மார்பில் ஒன்றும் இல்லை. இரண்டு எட்டு நடந்தார். எனக்கு இது தெரியும்! இந்த நடை எனக்குத் தெரியும்! வாய்க்கால் வரப்பில் நான் பார்த்த நடை. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் வந்தது எனக்கு. கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு போலீஸ்காரர் தடியை நடுவில் நீட்டினார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? ஜெனரல் என்றா? துரை என்றா? வாயில் வந்தது எங்கள் ஊர்ப் பேச்சுதான்.

"சாமி!"

அவர் திரும்பினார். நிறைய பேர் கத்திக்கொண்டிருந்தார்கள், அவர் என் பக்கம்தான் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், உயரத்தில், வேறு யாரையோ தேடினார். அப்புறம் கீழே என் கையைப் பார்த்தார். வாழைமட்டை, வெற்றிலை. தடியைக் கையால் தள்ளிவிட்டு வந்தார்.

ஒரு வெற்றிலையை எடுத்தார். கால்சட்டையில் இரண்டு பக்கமும் துடைத்தார். கையை நீட்டி, "சுண்ணாம்பு?" என்றார். சுத்தமாகச் சொன்னார். டப்பியையும் பாக்கையும் கொடுத்தேன். காம்பைக் கிள்ளினார், நரம்பை நகத்தால் உரித்தார், முதுகுப் பக்கம் சுண்ணாம்பு தடவினார். பாக்கை வைத்து மடித்து வாயில் போடுவதற்கு முன்னால் நுனியைக் கிள்ளினார்.

நான் அந்த நுனியையே பார்த்தேன்.

கிள்ளின நுனியை நாக்கில் தொட்டார். இடது கையால் எடுத்து இடப்பக்க நெற்றிப்பொட்டில் ஒட்டிக்கொண்டார்.

சுற்றி நின்ற அதிகாரிகள் விறைத்துப் போனார்கள். சின்ன வயது அதிகாரி ஒருவர், ஏதோ குப்பை ஒட்டிக்கொண்டது என்று நினைத்துத் துடைத்துவிடக் கையை நீட்டினார். ஜெனரல் அந்தக் கையில் ஒரு அடி போட்டார், ஈயை விரட்டுகிற மாதிரி. எனக்குப் பின்னால் மாமன், "அடேங்கப்பா, அடேங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

துரை மென்றுகொண்டே என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே மூக்கு, முன்பல்லில் ஒரே சந்து.

"சாமி தங்கச்சி?"

"ஆமாங்க."

அவருக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளையெல்லாம் தேடுகிறார் என்று தெரிந்தது. அண்ணன் சொல்லியிருக்கிறான், வண்டியில் டயர் வெடித்தாலும், பாலம் உடைந்தாலும் அவர்கள் இரண்டு பேரும் சொல்லிக்கொள்வது ஒரே வார்த்தைதானாம். அதைத்தான் அவர் சொன்னார். கையை விரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அண்ணன் சொல்கிற மாதிரியே இழுத்துச் சொன்னார்.

"போச்சு, சாமி."

"ஆமாங்க. போச்சுங்க."

 ஏன் கடிதம் எழுதவில்லை என்று கேட்கத் தோன்றவே இல்லை. இங்கிலீஷ் கடிதம் வந்திருந்தால் எங்கள் வீட்டில் யார் படிப்பது? விசில் ஊதினார்கள். கவுளிக் கட்டைக் குடை மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு, நொண்டிக்கொண்டே போய்ப் பெட்டியில் ஏறினார். ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் தலை தெரிந்தது, பச்சைத் துணுக்கு நெற்றியில் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் முன்பல் வழியாகச் 'சிர்ர்' என்று சிவப்பாகத் துப்பினார். அது நேராகப் போய் ஸ்டேஷன் மாஸ்டரின் வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது.

மாமன் குதித்தார். "துப்பறதும் என்ற மாப்ளயாட்டமேடி! அதே துப்பு!"

சொல்லிவிட்டு, நெய்க்குடத்தைக் கீழே வைத்து, அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். கருமாதியில்கூட அவர் அழவில்லை. நான் அவருக்கு முதுகைத் தடவிக் கொடுத்தேன், ஆனால் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது அப்படி.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமன் எல்லோருக்கும் சொன்னார். சேலத்தில் ஏறும்போது ஜெனரல் வெற்றிலை மட்டும் போட்டார். ராசிபுரத்தில் மாமனோடு கை குலுக்கினார். நாமக்கல் வருவதற்குள் நெய்யை முகர்ந்து பார்த்து, "இப்புடி நெய் சீமைல கெடையாது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். நான் ஒன்றையும் திருத்தவில்லை. அண்ணன் சொன்னதெல்லாம் நிஜமாகிவிட்டது, புளுகுவதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே.

வீட்டுக்குப் போனபோது ஐயன் கொடிக்கால் முனையில் நின்றுகொண்டிருந்தார். மாமன் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னைக் கேட்டார்.

"போட்டாரா?"

"போட்டாருங்க."

"நுனிய?"

"கீழ போடலீங்க. ஒட்டிக்கிட்டாருங்க."

ஐயன் ஒரு எட்டு முன்னால் வந்தார். "எந்தப் பக்கம்?"

"எடப்பக்கமுங்க."

அவர் திரும்பிக் கொடிக்காலுக்குள் போய்விட்டார். நான் வெளியிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது கையில் இரண்டு வெற்றிலை. உட்கார்ந்து ஒன்றை மடித்தார், நுனியை வலப்பக்கம் ஒட்டிக்கொண்டார். இன்னொன்றை எனக்கு நீட்டினார். நான் அதுவரைக்கும் வெற்றிலை போட்டதில்லை. அவருக்கு எதிரே, அண்ணன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். நுனியைக் கிள்ளி இடப்பக்கம் ஒட்டினேன். சுண்ணாம்பு கூடிப்போய் நாக்கு வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீரோடு 'ஆ ஆ' என்று நான் வாயை ஊத, ஐயன் சிரித்தார். இத்தனை மாசம் கழித்துச் சிரித்தார்.

ஆத்தா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, இனி நம்ம தொரை என்ன ஆவாரு?"

"என்ன ஆவாரு. பென்சன்தான்."

ஆத்தா யோசித்தாள். "அதுவும் ஒரு வேலதானுங்களே?"

"அடி, அடி" என்றார் ஐயன். "அந்தக் கறுப்புச் சேவலையே அடி. நெய்க்கொடத்தோட நிக்கற உங்கண்ணனையும் இருந்து சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லு."